நாற்காலியில் நம்மாளு?

"எப்படியோ நம்மாளு ஒருத்தன் நாற்காலியில உக்காந்தாப் போதும்" என்கிற தோழர்களோடு நான் அமெரிக்காவைச் சொல்லித்தான் சண்டை போடுவது.

1991இல் தர்குட் மார்ஷல் உச்சநீதிமன்றத்திலிருந்து விலகினார். பள்ளிகளில் நிறப்பிரிவினையை உடைத்த 1954 வழக்கில் வாதாடிய கறுப்பர். அவர் இடத்துக்குக் குடியரசுக் கட்சி புஷ் தேடிப்பிடித்தது கிளாரன்ஸ் தாமஸை. கறுப்பர்தான், கறுப்பருக்கான முன்னுரிமைக்கு எதிரி. அவர் பாலியல் தொல்லை கொடுத்ததாக அனிதா ஹில் என்ற கறுப்பினப் பெண் சாட்சி சொன்னார். விசாரித்த செனட் குழுவில் 14 பேரும் வெள்ளை ஆம்பளைங்க. 52-48இல் தாமஸ் தேறினார். ஆதரித்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 11 பேர். கறுப்பர் ஓட்டில் ஜெயித்தவர்களும் அதில் உண்டு!

1993இல் கிளிண்டன், நீதித்துறையின் சிவில் உரிமைப் பிரிவுக்கு லானி கினியரை அறிவித்தார். சிறுபான்மையின் ஓட்டு வீணாகாத தேர்தல் முறை வேணும்னு எழுதின கறுப்பினப் பெண். 'கோட்டா ராணி' என்று கூச்சல் போட்டார்கள். செனட்டில் ஒரு வார்த்தை பேசவிடாமலே கிளிண்டன் பெயரை வாபஸ் வாங்கிட்டார். இத்தனைக்கும் சட்டக்கல்லூரிக் காலத்து சிநேகிதர்.

2023இல் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இன முன்னுரிமையை நீதிமன்றம் ஒழித்தது. தாமஸ் ஆதரித்துத் தனித் தீர்ப்பே எழுதினார். எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் கேடாஞ்சி பிரவுன் ஜாக்சன், 2022இல் 53-47இல் நுழைந்த கறுப்பினப் பெண். இதுல நம்மாளு யாரு தோழர்?