கேஷ், காசு, கைதட்டல்

இங்கிலீஷ்காரனின் 'கேஷ்' வேறொன்றும் இல்லை, நம்ம காசுதான் என்று மேடையில் ஒருவர் சொன்னால் போதும், கைதட்டல் அள்ளுகிறது. வாட்ஸ்அப்பில் வந்தால் உடனே பத்து பேருக்குத் தள்ளிவிடுகிறோம். அகராதியைப் புரட்டத்தான் ஒருத்தருக்கும் நேரமில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் 'கேஷ்' என்பது இரண்டு தனித்தனிச் சொற்கள். பேங்க் கவுன்ட்டரில் நீங்கள் கட்டும் கேஷுக்கு மூலம் லத்தீன் 'காப்ஸா'. அர்த்தம், பெட்டி. பிரெஞ்சு, இத்தாலி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பணப்பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு ஒட்டிக்கொண்டது. சூட்கேஸில் இருக்கும் 'கேஸ்', டாக்டர் தரும் 'கேப்ஸ்யூல்' எல்லாம் அதே குடும்பம்தான்.

இன்னொரு 'கேஷ்' இருக்கிறது. அது சாட்சாத் நம் காசு. போர்ச்சுகீசியர் வாய் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கம்பெனி ஆட்சியின் மெட்ராஸில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பலில், 1808 என்று அச்சிட்ட இந்தச் செப்புக் காசுகள் டன் கணக்கில் இருந்தன. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கும் வெள்ளைக்காரன் வைத்த பெயர் இதே 'கேஷ்'. உண்மையே இவ்வளவு ருசியாக இருக்கும்போது பொய் எதுக்கு சார்?

காதில் ஒரே மாதிரி விழுந்தால் சொந்தமாகிவிடுமா? காசாளர் 'கேஷியர்' பெட்டிக் குடும்பம். ராணுவ அதிகாரியை அவமானப்படுத்தி வீட்டுக்கு அனுப்புவதும் அதே எழுத்துகளில் 'கேஷியர்'தான். அதன் வேர் வேறு. 'கேஷ்யூ' பிரேசிலின் துபி மொழிச் சொல். விட்டால் முந்திரிப் பருப்பையும் காசு என்பார்கள் போலிருக்கிறது!

கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி ஆகியவை நிஜமாகவே இங்கிருந்து போனவை. மேடைக்கு மேடை சொல்கிறோம். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு சொல்லை மட்டும் மென்று விழுங்கிவிடுகிறோம். 'பரையா'.

பறை என்ற கருவியின் பெயரை ஒட்டி அழைக்கப்பட்ட மக்களின் பெயர் அது. ஆங்கிலத்தில் அதற்கு அர்த்தம், எல்லோரும் ஒதுக்கித் தள்ளியவன். தெருநாய் 'பரையா டாக்'. உலகம் ஒதுக்கி வைத்த நாடு 'பரையா ஸ்டேட்'. நம்மூர் ஆங்கிலப் பத்திரிகைகளும் கூச்சமில்லாமல் இதை அச்சடிக்கின்றன.

இந்த அர்த்தத்தை வெள்ளைக்காரன் லண்டனில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. இங்கே ஊர் வேறு, சேரி வேறு என்று நாம் வைத்திருந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டான். சொல்லோடு சேர்த்து நம் வழக்கத்தையும் கப்பலேற்றி அனுப்பியிருக்கிறோம்.

நம்முடையது அல்லாத கேஷுக்குப் பட்டா கேட்பது இருக்கட்டும். அடுத்த முறை உங்கள் ஆங்கிலப் பேப்பரில் 'பரையா' கண்ணில் பட்டால், அதன் ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். தமிழுக்குச் செய்ய வேண்டிய தொண்டு அதுதான்.