வகுப்பறைச் சன்னலில் ஒரு நாற்றங்கால்

சென்ற ஆண்டு நம் பள்ளித் தோட்டத்தில் காய்த்த தக்காளியை நம்மில் ஒருவரும் சுவைக்கவில்லை. பிப்ரவரி இறுதியில், உறைபனி ஓய்ந்ததும், பாத்தியில் நேராக விதைத்தோம். ஊட்டியின் குளிர்ந்த மண்ணில் அவை முளைக்கவே இரண்டு வாரங்களுக்கு மேலாயின. ஆண்டுத் தேர்வு முடிந்து நாம் பெட்டி படுக்கையுடன் புறப்பட்டபோது செடிகளில் பூக்கள்தாம் இருந்தன. ஜூனில் வந்து பார்த்தால் காய்ந்த குச்சிகள்!

குறை மண்ணிலோ உழைப்பிலோ இல்லை, காலத்தில்தான் என்பது எங்கள் கருத்து. ஜனவரி முதல் வாரத்தில், வெளியே புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போதே, வகுப்பறைச் சன்னலோரம் நாற்று விட்டால் இழந்த வாரங்களை மீட்கலாம். தக்காளி விதை நன்கு முளைக்க 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். முளைக்கும்வரை விடுதிச் சமையலறையில் ஒரு மூலை தந்தால் போதும். சமையற்கார அம்மா மறுக்கமாட்டார் என நம்புகிறோம்.

செலவு அதிகமில்லை. அடியில் துளையிட்ட பழைய பிஸ்கட் டின்; செம்மண், மணல், மக்கிய தொழுவுரம்.

வகுப்பறையில் மண் சிந்தும், கவனம் சிதறும் என்பர் சிலர். மண் சிந்தும்தான், பெருக்கிவிடுவோம். கவனத்தைப் பற்றியோ வேறுவிதமாக எண்ணுகிறோம். இவ்வாண்டு சோதனையாக ஒரு டின்னில் நூக்கல் விதைத்தோம். அன்பு மிகுதியால் ஆளுக்கொரு குவளை நீர் ஊற்றியதில் பாதி நாற்றுகள் தண்டின் அடி அழுகிச் சாய்ந்தன. மீந்தவை ஒளியைத் தேடிச் சன்னல் பக்கமே வளைந்தன. தினமும் டின்னைத் திருப்பி வைக்கக் கற்றோம். புத்தகத்தில் படித்தபோது இத்தனை தெளிவாகப் புரியவில்லை!

நடுமுன் ஒரு வாரம் பகலில் வெளியே வைத்து, மாலையில் உள்ளே எடுக்க வேண்டும். சன்னலோரம் வளர்ந்த நாற்று திடீரென வெயிலையும் காற்றையும் தாங்காது. காரட்டுக்கு மட்டும் இந்த உபசாரம் ஆகாது. பிடுங்கி நட்டால் வேர் கிளைத்துவிடும். அதைப் பாத்தியிலேயே விதைக்க வேண்டும்.

வரும் ஜனவரியில் வகுப்புக்கு ஒரு சன்னல் தருமாறு அருட்சகோதரிகளை வேண்டுகிறோம். நூக்கலாவது ஏப்ரலில் நம் சாப்பாட்டு மேசைக்கு வரட்டும். பொங்கல் விடுமுறையில் நீர் தெளிக்க உள்ளூர் மாணவியர் இருவர் இப்போதே பெயர் கொடுத்துவிட்டனர்.