கல்லறைக்குக் காவல் எது?

பத்தடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினார்கள். பள்ளத்துக்குள் எஃகுக் கூண்டு அமைத்தார்கள். கூண்டுக்குள் சவப்பெட்டியை இறக்கினார்கள். அதன்மேல் கான்கிரீட்டைக் கொட்டி மூடினார்கள். 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தின் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்தது இது.

உள்ளே வைக்கப்பட்டவர் ஆபிரகாம் லிங்கன். மரம் பிளந்தும், படகு ஓட்டியும், கடையில் சிப்பந்தியாக நின்றும் பிழைப்பு நடத்தியவர். பிறகு வழக்கறிஞரானவர். பின்னர் அந்நாட்டின் 16ஆவது குடியரசுத் தலைவராகி, நான்காண்டு உள்நாட்டுப் போரை நடத்தி, அடிமை முறைக்கு முடிவு கட்டியவர். 1865 ஏப்ரல் 14ஆம் நாள் நாடகக் கொட்டகையில் சுடப்பட்டு, மறுநாள் காலை உயிர் நீத்தவர். இறந்து 36 ஆண்டுகள் கழித்து அந்த மனிதரின் உடலுக்கு இத்தனை பலத்த காவல் எதற்கு? அந்தக் காவல் முறையை யார் யாரிடமிருந்து கற்றார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிப் புறப்படுகிறவன் கடைசியில் தொழிலாளர் சங்கத்தின் வாசலில் வந்து நிற்பான். ஆகவே தோழர்கள் இந்த வரலாற்றை அறிந்திருப்பது நல்லது.

முதலில் கல்லறை எழுந்த கதை. லிங்கனின் உடலைச் சுமந்த இரயில் வாஷிங்டனில் புறப்பட்டு, ஊர் ஊராக நின்று, ஏறத்தாழ 1,650 மைல் கடந்து ஸ்பிரிங்ஃபீல்டு வந்து சேர்ந்தது. நகரத்துப் பெரிய மனிதர்கள் ஊருக்கு நடுவே அடக்கம் செய்ய இடம் தேர்ந்து வைத்திருந்தார்கள். லிங்கனின் துணைவியார் மேரி மறுத்துவிட்டார். ஊருக்கு வெளியே, அமைதியான ஓக் ரிட்ஜ் இடுகாட்டில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று உறுதியாக நின்றார்; வென்றார்.

நினைவுச் சின்னத்துக்கு நிதி திரட்டினார்கள். போர்வீரர்கள் கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் காசு காசாகச் சேர்த்து அனுப்பினார்கள். அந்த நன்கொடைப் பட்டியலில் ஒரு வரியைத் தோழர்கள் மனத்தில் பதிக்க வேண்டும். நியூ ஆர்லியன்சில் இருந்த 73ஆவது கறுப்பினப் படைப்பிரிவின் வீரர்கள் 1,437 டாலர் அனுப்பினார்கள். இல்லினாய் மாநில அரசு நீங்கலாக, வேறெந்தத் தனி மனிதரும் எந்தத் தனி அமைப்பும் அவ்வளவு கொடுக்கவில்லை! பெரும் வணிகர்கள் இருந்தார்கள். இரயில் முதலாளிகள் இருந்தார்கள். அவர்கள் எல்லாரையும் முந்திக்கொண்டது சிப்பாய்ச் சம்பளம் வாங்கிய கறுப்பரின் கை. 117 அடி உயரம் எழுந்து, 1874 அக்டோபரில் திறந்துவைக்கப்பட்ட அந்தக் கோபுரத்தின் அடித்தளத்தில் அந்தப் பணம் இருக்கிறது.

அடுத்து வந்தது திருட்டு முயற்சி. 1876 நவம்பர் 7ஆம் நாள் இரவு. நாடே தேர்தல் முடிவுக்காகக் காத்துக் கிடந்த நேரம். சிகாகோவின் கள்ளநோட்டுக் கும்பலைச் சேர்ந்தவர்கள் கல்லறைக்குள் நுழைந்தார்கள். தங்களுக்கு அச்சுத் தகடு செதுக்கித் தந்த ஆள் சிறையில் இருந்தான். லிங்கனின் உடலைத் தூக்கிச் சென்று ஒளித்து வைப்பது. அவனை விடுதலை செய்து, 2 இலட்சம் டாலரும் கொடுத்தால்தான் திருப்பித் தருவது. இதுதான் திட்டம். அப்போது அங்கே இருந்த காவல் ஒரே ஒரு பூட்டு! அதை அறுத்தார்கள், பளிங்குப் பேழையைத் திறந்தார்கள், சவப்பெட்டியைப் பாதி வெளியே இழுத்துவிட்டார்கள். கும்பலுக்குள்ளேயே அரசின் உளவாளி ஒருவன் இருந்ததால் திட்டம் தோற்றது. பிடிபட்ட இருவருக்கும் கிடைத்த தண்டனை ஓராண்டுச் சிறை.

அதன்பிறகு காவலர்களைப் பயம் பிடித்தது. சவப்பெட்டியை இரகசியமாக எடுத்து நிலவறையில் மறைத்தார்கள். மரப் பலகைகளைப் போட்டு மூடினார்கள். மேலே அழகிய பளிங்குப் பேழை இருந்தது, மக்கள் வந்தார்கள், தொப்பியைக் கழற்றி வணங்கினார்கள், கண்ணீர் விட்டார்கள். பேழையோ வெறும் பேழை! லிங்கன் கீழே, பலகைக் குவியலுக்கு அடியில் கிடந்தார். இந்த நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

கட்டடமும் பழுதுபட்டது. பிரித்துக் கட்டி முடித்தபோது, 1901இல், லிங்கனின் மகன் ராபர்ட் லிங்கன் இறுதி முடிவு ஒன்றைச் சொன்னார்: இனி எந்தத் திருடனும் தொட முடியாதபடி எஃகும் கான்கிரீட்டும் கொண்டு மூடிவிடுங்கள். மூடுமுன் 23 பேர் கூடிநின்று, பெட்டியின் முகப்பகுதியை மட்டும் வெட்டித் திறந்து, உள்ளே இருப்பவர் லிங்கனே என்று உறுதி செய்துகொண்டார்கள். பிறகு மூடினார்கள். தந்தையின் உடலுக்குக் காவல் தேடிய மகனிடம் நாம் குற்றம் காணமாட்டோம்.

ஆனால் அந்த முறை எங்கிருந்து வந்தது? அங்கேதான் கதை திரும்புகிறது.

ஜார்ஜ் புல்மன் என்றொரு முதலாளி. இரயில்களில் ஓடும் சொகுசான படுக்கை வண்டிகளின் அதிபர். சிகாகோவுக்குப் பக்கத்தில் தன் பெயரிலேயே ஓர் ஊரைக் கட்டினார். தொழிற்சாலை அவருடையது; வீடுகள் அவருடையவை; கடைத் தெரு அவருடையது; மாதா கோயில்கூட அவருடையது! 1893இல் வியாபாரம் சரிந்தது. தொழிலாளியின் கூலியைக் கால் பங்கு அளவுக்கு வெட்டினார். வீட்டு வாடகையையோ ஒரு செண்டும் குறைக்கவில்லை. வலக்கையால் கூலி கொடுத்து, இடக்கையால் வாடகை பிடித்தார். முறையிடச் சென்ற தொழிலாளர் குழுவைச் சேர்ந்தவர்களை வேலையை விட்டு நீக்கினார். 1894 மே மாதம் வேலைநிறுத்தம் வெடித்தது. யூஜின் டெப்ஸ் தலைமையிலான அமெரிக்க இரயில்வே சங்கம் ஆதரவுக்கு எழுந்தது. புல்மன் வண்டி பூட்டிய இரயிலைத் தொடமாட்டோம் என்றது. நாட்டின் பெரும்பகுதியில் இரயில்கள் நின்றன. குடியரசுத் தலைவர் கிளீவ்லண்டு, மாநில ஆளுநரின் எதிர்ப்பையும் மீறிப் பட்டாளத்தை அனுப்பினார். துப்பாக்கிகள் பேசின, தொழிலாளர்கள் மாண்டார்கள். டெப்ஸ் சிறை புகுந்தார்.

வென்றவர் புல்மன்தான். ஆனால் வென்றவருக்கு உறக்கம் இல்லை. 1897இல் அவர் மாண்டபோது, கொதித்துக் கிடக்கும் தொழிலாளர்கள் பிணத்தைத் தோண்டி எடுத்துவிடுவார்களோ என்று குடும்பத்தார் நடுங்கினார்கள். பெரும்பள்ளம் வெட்டி, சவப்பெட்டியை உள்ளே வைத்து, மேலே எஃகுத் தண்டவாளங்களைக் கோத்து, கான்கிரீட்டால் நிரப்பினார்கள். புல்மன் கம்பெனியின் வழக்கறிஞராக இருந்து, அவருக்குப் பின் கம்பெனியின் தலைமைப் பதவியிலும் அமர்ந்தவர் யார் தெரியுமா? ராபர்ட் லிங்கன்! முதலாளியின் கல்லறையில் அறிந்த முறையைத்தான் தந்தையின் கல்லறைக்கும் கொண்டுவந்தார்.

வரலாற்றின் விசித்திரத்தைப் பாருங்கள். மக்கள் அன்பால் காசு போட்டு எழுப்பிய கல்லறை ஒன்று. மக்கள் சினத்துக்கு அஞ்சிப் பூட்டிய கல்லறை மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே கான்கிரீட்!

உழைப்புதான் முதலில் வந்தது, மூலதனம் அதன் பிள்ளை என்ற கருத்தை 1861இலேயே அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு எழுதி அனுப்பியவர் தந்தை லிங்கன். மகனின் கம்பெனியில் உழைப்பின் நிலை என்ன? புல்மன் வண்டிகளில் படுக்கை விரிப்பதும், மூட்டை தூக்குவதும், பயணிகளின் செருப்புக்கு மெருகு போடுவதும் போர்ட்டர்களின் வேலை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தார். முதல் தலைமுறையில் பலர், லிங்கன் காலத்தில் விடுதலை பெற்ற முன்னாள் அடிமைகள். அவர்களுக்குப் பெற்றோர் இட்ட பெயர் இருந்தது. பயணிகள் கூப்பிட்டதோ 'ஜார்ஜ்' என்று. முதலாளி ஜார்ஜ் புல்மனின் ஆள் அல்லவா! ஆண்டையின் பெயரால் அடிமையை அழைத்த பழக்கம், சட்டம் மாறிய பின்னும் இரயிலேறி வந்தது. மாதம் 400 மணி நேர உழைப்பு. 1915இல் அரசு விசாரணைக் குழு முன் ராபர்ட் லிங்கன் சாட்சி சொன்னபோது வெளிவந்த சம்பளம் மாதம் 27.50 டாலர். மீதிக்குப் பயணியின் இனாமை எதிர்பார்த்துக் கை நீட்ட வேண்டும்.

லிங்கனின் உடல் பத்திரமாக இருந்தது. அவர் செய்த செயலுக்குக் காவல் இல்லை! அந்தக் கல்லறை நிற்கும் அதே ஸ்பிரிங்ஃபீல்டில், 1908 ஆகஸ்டில் வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தார் வீடுகளைக் கொளுத்தியது. இரண்டு கறுப்பினத்தாரைப் பிடித்துக் கொன்று தொங்கவிட்டது. அந்தக் கொடுமை தந்த அதிர்ச்சியில்தான், லிங்கனின் நூறாவது பிறந்த நாளான 1909 பிப்ரவரி 12ஆம் நாள் அறைகூவல் விடுக்கப்பட்டு, கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் பிறந்தது.

தலைநகர் வாஷிங்டனில் 36 தூண்களோடு லிங்கன் நினைவு மண்டபம் எழுந்தது. 1922 மே 30ஆம் நாள் திறப்பு விழா. அடிமைத் தளையை அறுத்தவருக்கு எடுத்த விழாவில், கறுப்பின மக்களுக்குத் தனி அடைப்பு. கயிறு கட்டிப் பிரித்த இருக்கைகள்! அவர்கள் சார்பில் பேச வந்த ராபர்ட் மோட்டனின் உரையை முன்கூட்டியே வாங்கி, காரமான பகுதிகளை வெட்டினார்கள். சிலைக்குப் பளிங்கு கிடைத்தது. கொள்கைக்கு இடம் கிடைக்கவில்லை.

இந்த நிலையை மாற்றியது யார்? கான்கிரீட் போட்டவர்களா? மாலை போட்டவர்களா? மெருகுத் துணியைக் கையில் வைத்திருந்த அந்தப் போர்ட்டர்கள்!

1925 ஆகஸ்ட் 25ஆம் நாள், ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் கண்டார்கள். கம்பெனி ஒற்றர்களை ஏவியது. சங்கத்தில் சேர்ந்தவர்களை வேலையிலிருந்து துரத்தியது. பலர் விலகினார்கள், சங்கத்தின் பெட்டி காலியாயிற்று. ராண்டால்ஃப் விலகவில்லை. பன்னிரண்டு ஆண்டுப் போராட்டம். 1937 ஆகஸ்ட் 25ஆம் நாள் புல்மன் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மாத வேலை நேரம் 400 மணியிலிருந்து 240 மணியாகக் குறைந்தது, சம்பளம் உயர்ந்தது.

இங்கே ஒரு பாடத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1894இல் டெப்ஸ் எதிர்த்துப் பேசியும், அவருடைய சங்கத்தின் மாநாடு கறுப்பினத் தொழிலாளர்களை உறுப்பினராக்க மறுத்து வாக்களித்தது. பட்டாளம் வருமுன்பே சங்கம் தன்னைத்தானே பாதியாக வெட்டிக்கொண்டது. நிறத்தாலும் பிறப்பாலும் பிரிந்து நிற்கும் தொழிலாளி, முதலாளிக்குக் கூலியில்லாத காவற்காரன்.

ராண்டால்ஃப் அதோடு நிற்கவில்லை. 1941இல், போர்த் தளவாடத் தொழிற்சாலைகளில் கறுப்பினத்தாருக்கும் வேலை வேண்டும், இல்லையேல் வாஷிங்டன் நோக்கி அணிவகுப்போம் என்றார். அணிவகுப்புக்கு முன்பே குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஆணை பிறப்பித்து அந்தப் பாகுபாட்டைத் தடை செய்தார். 22 ஆண்டுகள் கழித்து, 1963 ஆகஸ்ட் 28ஆம் நாள், அணிவகுப்பு நடந்தேவிட்டது. வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி என்று அதற்குப் பெயர். சுமார் இரண்டரை இலட்சம் பேர் திரண்டார்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் முழக்கத்தை உலகம் நினைவு வைத்திருக்கிறது. பேரணியின் தலைவராக அங்கே நின்ற 74 வயது ராண்டால்ஃபையும் நாம் நினைவு வைக்கவேண்டும். அவர்கள் கூடிய இடம் எது? 1922இல் கயிறு கட்டிய அதே லிங்கன் நினைவு மண்டபம்! மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது.

புல்மன் கம்பெனி 1968ஆம் ஆண்டின் இறுதியில் படுக்கை வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டது. அவர் கட்டிய ஊர் 2015இல் தேசிய நினைவுச் சின்னமானது. போர்ட்டர்களின் போராட்டத்தைச் சொல்லும் காட்சியகம், ராண்டால்ஃபின் பெயரைத் தாங்கி, அங்கே நிற்கிறது. 1908இன் கொலைவெறி நடந்த இடத்தையும் 2024 ஆகஸ்டில் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். முதலாளியின் ஊரில் தொழிலாளியின் வரலாறு. லிங்கனின் ஊரில், அவரை மறந்த குற்றத்தின் வரலாறு. நாடு நாணயமாக நினைவு கொள்ளத் தொடங்கினால் இப்படித்தான் தொடங்கும்.

ஸ்பிரிங்ஃபீல்டு கல்லறையின் வாயிலில் லிங்கனின் வெண்கலத் தலை ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் அதன் மூக்கைத் தடவுகிறார்கள். தடவினால் அதிர்ஷ்டமாம்! தடவித் தடவி மூக்கு பளபளக்கிறது. அந்த மனிதர் சொன்னதையும் செய்ததையும் விட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொள்வது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். தலைவர் மறைந்தால் சிலை, சிலைக்கு மாலை, மாலை வாடியதும் மறதி. அது எளிது. அவர் விட்டுச் சென்ற வேலையைத் தோளில் ஏற்றுவதுதான் கடினம்.

தோழர்களே! எஃகும் கான்கிரீட்டும் எலும்பைக் காக்கும். அதற்குமேல் அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. லிங்கனின் கல்லறைக்கு 1,437 டாலர் கொடுத்தவர்கள் கறுப்பினப் போர்வீரர்கள். லிங்கனின் கொள்கைக்குச் சந்தா கட்டிச் சங்கம் வளர்த்தவர்கள் கறுப்பினப் போர்ட்டர்கள். இரண்டாவதாகக் கட்டிய சந்தாதான் அவரை இன்றுவரை வாழவைத்திருக்கிறது. தலைவனுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப விரும்புகிறவன் முதலில் தன் சங்கத்தின் உறுப்பினர் அட்டையை எடுத்துப் பார்க்கட்டும். இந்த மாதச் சந்தா கட்டியாயிற்றா என்று!