கிழக்குக் கரைக்கு வேண்டாத விஞ்ஞானமா?

கல்முனையிலும் சம்மாந்துறையிலும் தமிழில் இரசாயனம் பயின்று பல்கலைக்கழகம் புகும் மாணவனின் செவியில் இரண்டு வாய்பாடுகள் ஓதப்படுகின்றன. நவீன இரசாயனத்தைத் தமிழிற் கூற இயலாது என்பது ஒன்று. கூறினும், நெல்லும் மீனும் நெசவுமே வாழ்வாகிய இக்கரைக்கு அதனால் ஆவதொன்றில்லை என்பது மற்றொன்று. இவற்றை உரைத்துப் பார்க்கக் கடினமானதோர் உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுதல் தகும். ஐதரோக்காபன்களின் ஊக்கல் ஒட்சியேற்றத்தை மின்னிரசாயன முறையால் விரைவுபடுத்தல் அத்தகையது.

முற்றாக எரியாத ஐதரோக்காபன்கள், பிளாற்றினம் போன்ற ஊக்கியின் மேற்பரப்பில் ஒட்சிசனோடு கூடிக் காபனீரொட்சைட்டும் நீருமாகும். 1980களில் கிரேக்க நாட்டின் பத்ராஸ் பல்கலைக்கழகத்தில் வயேனாசும் அவர்தம் குழுவினரும் நுண்டுளைகளுடைய பிளாற்றினப் படலமொன்றை, யித்திரியா சேர்ந்த சேர்க்கோனியா என்னும் திண்ம மின்பகுபொருளின்மீது படியவைத்தனர். சூடேறிய சேர்க்கோனியா ஒட்சைட்டு அயன்களைக் கடத்தவல்லது. மின்னழுத்தம் பிரயோகிக்கப்பட்டதும் அவ்வயன்கள் பிளாற்றினத்தின் மேற்பரப்பிற் பரந்தன. 370 பாகை செல்சியசில், 1 மைக்குரோஅம்பியர் மின்னோட்டத்தால், எதிலீனின் ஒட்சியேற்றம் ஏறக்குறைய 26 மடங்காக விரைந்தது.

பரடேயின் விதிப்படி நோக்கின், வரும் ஓர் அயனுக்கு ஓர் ஒட்சிசன் அணுவே மிகையாகத் தாக்கமுறல் வேண்டும். அங்கோ ஓர் அயனுக்கு ஏறத்தாழ 74,000 அணுக்கள் மிகையாகத் தாக்கமுற்றன. வந்த அயன்கள் மேற்பரப்பின் வேலைச் சார்பை உயர்த்தி, அங்கு ஒட்டியிருந்த ஏனைய ஒட்சிசனின் பிணைப்பைத் தளர்த்தியமையே இதற்குக் காரணம்.

இத்துணையும் தமிழிலேயே கூறப்பட்டது. தடை எங்கே நேர்ந்தது? யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணி புரிந்த கிறீன் வைத்தியரின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875இலேயே தமிழில் வெளிவந்தது. அறபு மொழியிலமைந்த மார்க்கச் சட்ட நுணுக்கங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தமிழில் விளக்கிவரும் முஸ்லிம் ஊர்களை நோக்கி, உங்கள் மொழிக்கு நுணுக்கம் போதாது என்பது அறியாமையன்றி வேறன்று. ஆங்கிலம் வேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆங்கிலத்தில் மனனஞ் செய்ததைத் தன் மொழியில் விளக்க இயலாதவன் அதனை விளங்கிக்கொள்ளவில்லை என்பதே வாதம்.

இனி, பயன் யாது என்பர். முச்சக்கர வண்டியின் புகையும், கரையோர வள்ளங்களின் இயந்திரப் புகையும் இவ்வூர்களின் சுவாசத்திற் கலப்பன அல்லவா? இம்முறை நாளையே அப்புகையை நீக்கிவிடும் எனக் கூறுதல் பொய்யாகும். விலையுயர்ந்த உலோகம், பெரும்பாலான அணுக்கள் பயன்படாது உள்ளே கிடக்கும் தடித்த படலம், ஒவ்வோர் ஊக்கிக்கும் மின்னிணைப்புக் கொடுக்கும் சிக்கல் ஆகியவற்றால் அது வண்டிகளின் புகைக்குழாய்க்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆயின், தீராத சிக்கலுள்ள இடமே ஆராய்ச்சி மாணவனுக்குரிய இடம். தீர்ந்தபின் வாங்கிப் பாவிப்பதற்குப் பல்கலைக்கழகம் தேவையில்லை, கடையே போதும்.

மேலும், அந்தச் சேர்க்கோனியா எங்கிருந்து பெறப்படுகிறது? சேர்க்கன் என்னும் கனிமத்திலிருந்து. இதே கிழக்குக் கரையின் வடபால், புல்மோட்டை மணலில், இல்மனைற்றோடும் உரூத்தைலோடும் அக்கனிமம் கலந்து கிடக்கின்றது. அதனை மணலாகவே கப்பலேற்றிவிட்டு, அதிலிருந்து பிறந்த விஞ்ஞானம் நமக்குரியதன்று என மாணவனுக்குப் போதிப்பது எவ்வளவு பெரிய முரண்!

ஒலுவிலைத் தலைமையிடமாகக் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே அமைந்துள்ளது. கல்முனை மாணவனுக்கும் ஆய்வுகூடத்திற்கும் இடையே உள்ள தூரம் இன்று மைல்களால் அளக்கத்தக்கதன்று. 'இது உனக்கானதன்று' என்னும் அந்த ஒரு வாக்கியமே அத்தூரம். அதனைச் சொல்வோர் விரிவுரையாளராயினும் மாணவராயினும், இனியேனும் சொல்லாதிருப்பாராக.