ஓடுது, ஆனா தண்ணி வரல

பொறியியல் முதல் வருடம், சி மொழி ஆய்வகம். நான் எழுதிய நிரல் தப்பான விடையைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆசிரியர் வந்து "என்னாச்சு?" என்றார். "ஓடுது சார், ஆனா விடை தப்பா வருது" என்றேன். வகுப்பே சிரித்தது. "ஓடுறதுக்கு அது என்ன குதிரையா? ஒழுங்கா இங்கிலீஷ்ல சொல்லு" என்றார். அந்த செமஸ்டர் முழுக்க ஹாஸ்டலில் என்னைக் குதிரை என்றே ஓட்டினார்கள்.

அவர் எதிர்பார்த்த இங்கிலீஷ் சொல் 'ரன்'. குதிரை ஓடுவதற்கும் இங்கிலீஷில் அதே சொல்தான். இது அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. உறைக்கப் பத்து வருடம் ஆனது.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் நெடுங்காலம் மிகப் பெரிய பதிவாக இருந்தது 'செட்' என்ற வினைச்சொல். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள்கள். பிறகு நடந்த திருத்த வேலையில் 'ரன்' அதை முந்தியது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள் என்று 2011-இல் செய்தி வந்தது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருக்கிறார். சைமன் வின்செஸ்டர் அதற்கொரு காரணமும் சொன்னார். தொழிற்புரட்சிக்குப் பிறகு ரயிலும் எந்திரமும் ஓட ஓட, அந்தச் சொல்லும் கூடவே பெருத்தது.

இந்த 645 நம் ஆட்களிடம் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டுமே! "ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தம், அதாண்டா இங்கிலீஷ்" என்று வருடா வருடம் யாராவது புல்லரிக்கிறார்கள். அதே ஆள் வீட்டுக்குப் போனதும் கேட்பது, "ஃபேன் ஏன் ஓடல?"

எங்கள் அனுமந்தன்பட்டியில் ஒரு நாளைக்கு என்னென்ன ஓடுகிறது? முல்லையாற்றில் தண்ணி ஓடுது. கம்பம் ரோட்டில் பஸ் ஓடுது. திராட்சைத் தோட்டத்தில் மோட்டார் ஓடுது. கடை சுமாரா ஓடுது. பொழப்பு ஏதோ ஓடுது. சுவரில் விரிசல் ஓடுது. பையனுக்குப் பதினெட்டு வயசு ஓடுது. படம் அம்பது நாள் ஓடுச்சு. துக்கச் செய்தி கேட்டால் கையும் ஓடல, காலும் ஓடல. காதலித்தவர்கள் ஓடிப்போனார்கள். 'ஓட்டு' என்று பிறவினையாக்கினால் வண்டியை, குடும்பத்தை, காலத்தை, கடைசியில் என்னைப் போல ஒருவனையும் ஓட்டலாம். 'ரன்' கிண்டல் செய்யுமா? செய்யாது.

எல்லா இடத்திலும் இரண்டும் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. அங்கே மூக்கு ஓடும், நமக்கு ஒழுகும். அங்கே சாயம் ஓடும், நமக்குப் போகும். தேர்தலில் அமெரிக்கர் ஓடுவார், பிரிட்டிஷ்காரரும் நாமும் நிற்போம். நான் சொல்வது இவ்வளவுதான்: சொல் பெருப்பது எந்த ஒரு மொழிக்கும் தனி வரம் இல்லை. எந்திரம் வந்தபோது அங்கே 'ரன்' என்ன செய்ததோ, அதையே இங்கே 'ஓடு' செய்தது. அங்கே ஒருவர் உட்கார்ந்து எண்ணினார். இங்கே எண்ண ஆள் இல்லை. எண்ணாததை இல்லாதது என்று நினைத்துக்கொண்டோம்.

இங்கிலீஷ் பக்தர்களைத் திட்டினால் கைதட்டுகிற தமிழ் ஆர்வலர்களே, உங்களிடமும் வழக்கு உண்டு. நிரலை 'ரன்' செய்வதற்குக் கலைச்சொல் தேடினீர்கள். 'இயக்கு' கிடைத்தது. நல்ல சொல்தான், இயக்குநரும் இயங்குதளமும் அதிலிருந்து வந்தவைதான். ஆனால் பக்கத்திலேயே நின்ற 'ஓடு' உங்கள் கண்ணில் படவில்லை, அது பேச்சுத் தமிழாம். 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்திய மதுரை–போடி ரயில், 2022-இல் தேனி வரையும் 2023-இல் போடி வரையும் திரும்ப வந்தது. பேப்பரில் 'இயக்கப்படும்' என்று போட்டார்கள். எங்கள் டீக்கடையில் ஒருவர்கூட "ரயில் இயங்குதா?" என்று கேட்கவில்லை.

இது சொல் ருசி பற்றிய சண்டை இல்லை. என் அப்பா கிணற்று மோட்டாரைப் பற்றிச் சொல்வதைக் கேளுங்கள். "மோட்டார் உறுமுது, ஓடல" என்றால் மூன்று ஃபேஸில் ஒன்று போயிருக்கிறது. "ஓடுது, ஆனா தண்ணி வரல" என்றால் புட்வால்வு லீக்காகிக் குழாயில் காற்று ஏறியிருக்கிறது. "ஓடுது, தண்ணியும் வருது, வயலுக்குப் போகல" என்றால் வாய்க்காலில் எங்கோ உடைப்பு. மூன்றும் வேறு வேறு கோளாறு, மூன்றுக்கும் வேறு வேறு வைத்தியம். நிரல் பாதியில் தொங்கி நிற்பது, ஓடியும் விடை வராதது, சரியான விடை தப்பான இடத்துக்குப் போவது என்று நான் இன்று சம்பளம் வாங்கிக்கொண்டு பிரித்துப் பார்ப்பதும் இதையேதான். அந்த அறிவோடுதான் ஆய்வகத்துக்குள் போனேன். வாசலிலேயே கழற்றி வைக்கச் சொன்னார்கள்.

கழற்றி வைத்தவன் என்ன செய்வான்? மனப்பாடம் செய்வான். என்னோடு தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் முழு நிரலையும் ஒரு புள்ளி பிசகாமல் ஒப்பித்துப் பரீட்சை எழுதினோம். வைவாவில் "ஏன் ஓடல?" என்பதற்கு விடை தெரிந்தும் வாய் திறக்காமல் நின்றோம். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ் வழிப் பொறியியலைக் கொண்டுவந்தபோது சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும்தான் இடம். கணினிக்குத் தமிழ் போதாது என்ற நினைப்பு எங்கள் தலையிலும் ஏறியிருந்ததால், ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

இங்கிலீஷ் வேண்டாம் என்றா சொல்கிறேன்? அதில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. முதல் வகுப்பில், முதல் நிரலுக்கு, "ஓடுதா? ஓடலன்னா எப்படி ஓடல?" என்று கேளுங்கள் என்கிறேன். பையன் சொல்லட்டும். அதற்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்பதை அடுத்த வாரம் கற்றுக்கொள்வான். புரிந்த விஷயத்துக்குப் பெயர் வைப்பது சுலபம். புரியாத பெயரைச் சுமந்துகொண்டு விஷயத்தைத் தேடுவது நான்கு வருடக் கொடுமை.

அப்புறம், யாராவது உட்கார்ந்து எண்ணவும் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1936-இல் ஆறு தொகுதிகளோடு முடிந்தது. இக்காலத் தமிழுக்கு க்ரியாவின் அகராதி 1992-இல் வந்து, 2020-இல் மூன்றாம் பதிப்பு கண்டது. அதைக் கொண்டுவந்த எஸ். ராமகிருஷ்ணன் அதே நவம்பரில் கொரோனாவில் இறந்துபோனார். ஒரு சிறு பதிப்பகம் தூக்கிய சுமை அது. ஒற்றைச் சொல்லுக்கு ஒன்பது மாதம் கொடுக்க நம் பல்கலைக்கழகங்களில் எது தயார்?

போன மாதம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன், உத்தமபாளையத்துக்காரன், மீட்டிங்கில் ஏதோ சொல்ல வந்து இங்கிலீஷில் மூன்று முறை திக்கினான். மற்றவர்கள் போனதும் கூப்பிட்டு "தம்பி, ஓடுதா?" என்றேன்.

"ஓடுதுண்ணே" என்று ஆரம்பித்தவன் இருபது நிமிஷம் நிறுத்தவில்லை. உடைப்பு எங்கே என்று அவனுக்கு முந்தாநாளே தெரிந்திருக்கிறது.