கதைமாந்தர் உயிர்பெறும் வழி

புதுக்கோட்டை மாவட்டத்துக் குன்றாண்டார்கோவிலைக் கண்டோர், பல்லவர் காலத்துக் குடைவரைக்கு முன்னுள்ள தேர்வடிவ மண்டபத்தை எளிதில் மறவார். கற்சக்கரமும் கற்குதிரையும் பூட்டிய அம்மண்டபம் இருந்த இடத்திலேயே விரைவது போலத் தோன்றும். "இக்குதிரை விரைகின்றது" என்று சிற்பி அருகில் எழுதி வைத்தானில்லை; குதிரையின் உடலே அதனை உரைக்கின்றது. கதை எழுதப் புகுவோர் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே என்பது எமது துணிபு.

மாணவர் எழுதும் கதைகள் பலவற்றில் நாயகி குணவதி, நாயகன் உத்தமன், செல்வன் கல்நெஞ்சன், ஏழை கண்ணீரே உருவானவன். இவையெல்லாம் ஆசிரியர் கட்டிவிட்ட பெயர்ச்சீட்டுக்கள். சீட்டை எடுத்துவிட்டால் அங்கே ஆளில்லை. "உத்தமன்" என்று பத்துமுறை எழுதினும் வாசகர் நம்பார். தனக்கு நட்டம் வருமிடத்தில் அவன் செய்வதொன்றைக் காட்டினால் நம்புவர்.

நம் முன்னோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். 26 ஆண்டே வாழ்ந்த ராஜமையர், 1893 முதல் விவேகசிந்தாமணியில் எழுதிய கமலாம்பாள் சரித்திரத்தில், தமிழ்ப்பண்டிதர் அம்மையப்ப பிள்ளையைப் பற்றி நமக்கு விரிவுரை வேண்டுவதில்லை. அவர் வாய்திறந்தாற் போதும். அந்நூலில் ஊர்ப்பெண்டிர் கூடும் வம்பர் மகாசபையும் அத்தகையதே. வேடிக்கையாய்த் தொடங்கும் அவ்வம்பு ஒரு குடும்பத்தின் அமைதியைக் குலைக்கும் வலியுடையது என்பதை நாமே கண்டுகொள்கிறோம்.

"அங்ஙனமாயின் கதை நீதி புகட்டுதல் வேண்டாவோ?" என்று சிலர் வினவக்கூடும். தமிழின் முதல் நாவலென 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் வேதநாயகம் பிள்ளை நீதியுரைகளை நிரம்பப் பெய்துள்ளார். எனினும் படித்து முடித்தபின் நம் நெஞ்சில் நிற்பது யாது? ஆண்வேடம் பூண்டு அரசு நடத்திய ஞானாம்பாளே அன்றோ! நீதி வேண்டாமென்று யாம் கூறவில்லை. அது மாந்தரின் செயலில் விளைய வேண்டும். ஆசிரியர் இடையில் நுழைந்து பிரசங்கம் செய்தால், கதையும் கெடும், நீதியும் நெஞ்சிற் பதியாது.

இதற்கு உயர்ந்த சான்று, புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய சாபவிமோசனம். இராமன் சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்பதைச் சீதையின் வாயிலாகவே கேட்ட அகலிகை, மீண்டும் கல்லாகிறாள். தன்னை மீட்டவனே இதனைச் செய்தான் என்பது அவளால் தாங்கவொண்ணாதது. அவளுக்காக ஆசிரியர் வழக்காடவில்லை. ஆயினும் வாசகன் அவ்வினாவினின்றும் தப்ப முடிவதில்லை.

ஆதலின் மாணவ நண்பர்காள்! மழையையும் கண்மாயையும் நம்பி வாழும் நம் வறண்ட சீமையில் கதைக்குப் பஞ்சமில்லை. குடியானவன் ஒருவனைக் கொள்வோம். கண்மாயில் நீர் அருகிவிட்டது. இன்றிரவு மடைமுறை அடுத்த வயற்காரனுடையது. தன் பயிர் நாளைவரை தாங்காதென அவன் அறிவான். அயலானுக்கும் பிள்ளைகள் உண்டென்பதையும் அறிவான். நள்ளிரவில் மண்வெட்டியுடன் மடையருகே நிற்கின்றான். அவன் நல்லவனோ தீயவனோ என்று நீங்கள் கூற வேண்டா. அவன் கை என்ன செய்கின்றது, மறுநாள் அயலானைக் கண்டபோது என்ன பேசுகின்றான் என்பவற்றை எழுதுங்கள். அவன் உயிர்பெற்று எழுவான்.

இது வெறும் எழுத்துத்திறம் பற்றிய செய்தியன்று. ஏழையைக் கண்ணீர்ப் பதுமையாகவே எழுதிப் பழகிய கை, வீதியில் எதிர்ப்படும் ஏழையையும் அங்ஙனமே காணும்படி கண்ணைப் பழக்கிவிடும். அவனுக்கும் சினமும் நகைச்சுவையும் சூழ்ச்சியும் மானமும் உண்டென்பது அக்கண்ணுக்குப் புலப்படாது. மனிதரை முழுமையாய்க் காணக் கற்பதே கதைக்கலையின் பயன். கல்லூரியில் நாம் பெறும் கல்விக்கும் அதனினும் மேலான பயன் வேறுளதோ?