முதுகெலும்பு உள்ளவர்களுக்கு மட்டும்

எனக்கு முதுகெலும்பே கிடையாது என்று பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் என் மனைவி. சென்ற வருஷம் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் இருப்பது ஊர்ஜிதமாகிவிட்டது. எல்-4, எல்-5 என்று நம்பரெல்லாம் போட்டிருந்தார்கள். பெருமையாக வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன்.

"தேஞ்சு போயிருக்குன்னு எழுதியிருக்கே?" என்றாள்.

ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து தேய்ந்தது. இன்க்ரிமென்ட்டுக்காக வளைந்ததிலும் கொஞ்சம் தேய்ந்திருக்கலாம்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ரெண்டு எலும்பையும் ஒட்ட வெச்சுடலாம் சார். ஃப்யூஷன்னு பேரு. அப்புறம் அந்த இடத்துல அசைவே இருக்காது. அசைவு இல்லேன்னா வலி இல்லை."

செலவு எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். ஒரு நிமிஷம் முதுகுவலி மறந்துபோய் நெஞ்சு வலித்தது. பெண்ணின் காலேஜுக்கென்று நான் பி.எஃப்.பில் தொடாமல் வைத்திருக்கும் தொகையும் அதுவும் ஏறக்குறைய ஒன்று. எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறார்களோ!

மறுநாள் ஆபீஸில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். "என் சகலைக்குப் பண்ணாங்க சார், இப்ப மாடிப்படி ஓடி ஏர்றார்" என்றார் கேஷியர். "எங்க மாமாவுக்கும் பண்ணாங்க, முன்னைக்கு இப்ப மோசம்" என்றார் டெஸ்பாட்ச். இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் அல்ல. அப்படியானால் சகலையை நம்புவதா, மாமாவை நம்புவதா?

ராத்திரி தூக்கம் வராததால் படிக்க ஆரம்பித்தேன்.

இந்த ஆபரேஷன் 1911-ல் நியூயார்க்கில் பிறந்தது. ஆல்பீ, ஹிப்ஸ் என்று இரண்டு டாக்டர்கள், தனித்தனியாக, ஒரே வருஷத்தில். முதுகெலும்பில் காசநோய் வந்து எலும்பு அரித்துக் கூன் விழுவதைத் தடுக்கத்தான் அவர்கள் இதைச் செய்தார்கள். என்னைப்போல் ஃபைல் பார்த்து முதுகு வலித்தவர்கள் அப்போது லிஸ்ட்டிலேயே இல்லை. இப்போது டைட்டானியம் ஸ்க்ரூ, கம்பி எல்லாம் போடுகிறார்கள். ஆனால் ஒட்டுகிற வேலையை ஸ்க்ரூ செய்வதில்லை. அது கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற மாதிரி. நடுவில் வைக்கிற எலும்புத் துண்டின் மேல் நம் உடம்பே மாதக்கணக்கில் புது எலும்பு வளர்த்து, இரண்டை ஒன்றாக்கிக்கொள்கிறது.

சரி, ஒட்டுகிறது. வலி போகிறதா? இங்கேதான் சங்கடம். முதுகுவலி கடல் அலை மாதிரி ஏறும், இறங்கும். உச்சத்தில் ஏறும்போதுதான் நாம் டாக்டரிடம் ஓடுகிறோம். அதற்கப்புறம் அது தானாகக் கொஞ்சம் இறங்கினாலும் அந்தச் சமயம் எதைச் செய்தோமோ அதற்குத்தான் பேர். தைலம் தடவியிருந்தால் தைலத்துக்கு. கத்தி வைத்திருந்தால் கத்திக்கு. ஆகவே சகலையும் மாமாவும் சாட்சி ஆக மாட்டார்கள். நூற்றுக்கணக்கான பேரைச் சேர்த்து, சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஆபரேஷன், மீதிப் பேருக்கு வேறு சிகிச்சை என்று கொடுத்து, வருஷக்கணக்கில் கவனித்தால்தான் உண்மை தெரியும்.

ஸ்வீடனில் அப்படிச் செய்து 2001-ல் முடிவு சொன்னார்கள். நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 294 பேர். இரண்டு வருஷம் கழித்துக் கேட்டபோது ஆபரேஷன் ஆனவர்களில் 63 சதவிகிதம் பேர் "தேவலை" என்றார்கள். ஆகாதவர்களில் 29 சதவிகிதம்தான். எனக்கு உடனே பி.எஃப். லோன் ஃபாரம் கண்ணில் தெரிந்தது.

அவசரப்படக்கூடாது. தெருப் பையன்கள் "மேட்ச் ஜெயிச்சுட்டோம் அங்கிள்!" என்று கத்திக்கொண்டு வந்தால் நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன? "யாரோட ஆடினீங்க?" எல்.கே.ஜி. பசங்களோடு ஆடியிருந்தால் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஸ்வீடனில் ஆபரேஷன் யாரோடு ஆடியது? வழக்கமான பிசியோதெரபியோடு. அதையெல்லாம் செய்து பார்த்துப் பலனில்லாமல்தான் அவர்களில் பெரும்பாலோர் அங்கே வந்திருந்தார்கள். தோற்ற டீமையே மறுபடி களத்தில் இறக்கியிருக்கிறார்கள்!

நார்வேக்காரர்கள் எதிர் டீமைப் பலப்படுத்தினார்கள். "வலித்தாலும் முதுகு உடைந்துவிடாது, பயப்படாதே" என்று புரியவைத்து, கூடவே முறையான உடற்பயிற்சி. 64 பேர்தான், 2003-ல் முடிவு. ஏறக்குறைய டிரா. பிரிட்டனில் பெரிதாகவே செய்தார்கள். 349 பேர், 15 ஆஸ்பத்திரிகள், சுமார் 75 மணி நேரத் தீவிரப் பயிற்சி. 2005-ல் வந்த முடிவு: ஆபரேஷன் ஒரு மயிரிழை முன்னே. ஆனால் கத்தியும் அதன் தொந்தரவுகளும் அந்த மயிரிழைக்குப் பெறுமா என்றால், பயிற்சியைவிட மேல் என்று தெளிவாகச் சொல்ல ஆதாரம் இல்லை.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இதே கேள்வியை நம் சென்னை கேட்டிருக்கிறது. சேத்துப்பட்டில் 1956-ல் ஆரம்பித்த காசநோய் ஆராய்ச்சி நிலையம், சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே மாத்திரை கொடுத்தாலும் நோய் குணமாகும் என்று காட்டி உலகத்தையே மாற்றிய இடம். அவர்கள் பிரிட்டிஷ் மருத்துவக் கவுன்சிலோடு சேர்ந்து முதுகெலும்புக் காசநோயையும் எடுத்துக்கொண்டார்கள். நடக்க முடிந்த நோயாளிகள் சுமார் 300 பேர், மூன்று பிரிவு. ஒன்றுக்கு, அரித்த எலும்பை நீக்கி ஒட்டுப் போடும் ஆபரேஷன், கூட ஆறு மாதம் மாத்திரை. மற்ற இரண்டுக்கும் வெறும் மாத்திரைதான். ஆறு மாதம் அல்லது ஒன்பது மாதம். படுக்கை இல்லை, மாவுக்கட்டு இல்லை. எழுந்து நடமாடலாம்.

பத்து வருஷம் கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து 1999-ல் எழுதினார்கள். (எங்கள் ஆபீஸில் பத்து நாள் முந்தைய ஃபைலைக் கண்டுபிடிக்க முடியவில்லை.) மூன்று பிரிவிலும் நூற்றுக்குத் தொண்ணூறோ, அதற்கு மேலோ நன்றாகவே இருந்தார்கள். பத்து வருஷம் என்றால் சிலர் கல்யாணம் பண்ணியிருப்பார்கள், மூட்டை தூக்கியிருப்பார்கள். ஆபரேஷன் ஆகாமல்! ஒரே ஒரு பிரிவினருக்குக் கத்தி உதவியது. ஏற்கெனவே வளைவு அதிகமாக இருந்த சிறு பிள்ளைகளுக்கு, ஆபரேஷன் இல்லாவிட்டால் கூன் கூடியது. அதுவும் சோதனையில்தான் தெரிந்தது. யாருக்கு வேண்டாம் என்பதைப் போலவே, யாருக்கு வேண்டும் என்பதையும் அதுதான் சொல்கிறது.

டாக்டரிடம் திரும்பப் போனேன். குரலைக் கொஞ்சம் செருமிக்கொண்டு, "ஆபரேஷன் நல்லதுதான் சார். எதோட ஒப்பிட்டு நல்லது?" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "பிசியோதெரபி போனீங்களா?"

"போனேன் சார்."

"எத்தனை நாள்?"

"நாலு." (உண்மையில் மூன்று. ஒரு நாள் மழை.)

பிரிட்டனில் 75 மணி நேரம். நான் மூன்று நாளும் சேர்த்து ஒரு மணி நேரம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல மனிதர். "உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லை. மூணு மாசம் ஒழுங்காச் செஞ்சுட்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்றார். கூடவே ஒரு எச்சரிக்கை, அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ பயிற்சி, கட்டுரை என்று உட்கார்ந்திருக்கக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. எலும்பு முறிவு, நழுவிப்போன எலும்பு என்றாலும் கணக்கே வேறு.

வலி போய்விட்டதா என்கிறீர்களா? பாதி போயிருக்கிறது. அலை இறங்கியதா, பயிற்சியா என்று ஒரே ஒரு முதுகை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. சகலை, மாமா வரிசையில் மூன்றாவது சாட்சி நான். ஆனால் பி.எஃப். முழுசாக இருக்கிறது.

டாக்டரிடம் கேள்வி கேட்டதை வீட்டில் சொன்னபோது மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பரவாயில்லையே, நிஜமாவே முதுகெலும்பு இருக்கு! அப்படியே உங்க மேனேஜர்கிட்டேயும் ஒரு நல்ல நாற்காலி கேட்டுடுங்களேன்."

அதற்கு இன்னும் ஆறு மாசப் பயிற்சி வேண்டும்.